எஃப்.ஓ.பி.க்குள் இருக்கும் பலகை

கேள்வி: வணக்கம் ஐயா. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பையர்கள், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், கொடுக்கும் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. தமிழ்வழியில் படித்தவன். பையர்களின் மெயில்களில் ‘போர்டு’ என்ற ஒரே சொல் என்னைப் படுத்தி எடுக்கிறது. முதல் மெயிலில் ‘வெல்கம் ஆன் போர்டு’ என்றார்கள். அடுத்து, விலையை ‘அக்ராஸ் தி போர்டு’ 3 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். ஆடிட் பற்றிய மெயிலில் எல்லாம் ‘அபவ் போர்டு’ ஆக இருக்க வேண்டும் என்று வந்தது. சாம்பிள் ரிஜெக்ட் ஆனதும் ‘பேக் டு தி டிராயிங் போர்டு’. அகராதியைப் பார்த்தால் பலகை, வாரியம், சாப்பாடு, கப்பலின் பக்கம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போட்டிருக்கிறது. போன மாதம், சரக்கு 20ஆம் தேதிக்குள் ‘ஆன் போர்டு’ ஆக வேண்டும் என்று ஒரு மெயில். 20ஆம் தேதி ஃபேக்டரியை விட்டுக் கிளம்பினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை அர்த்தம்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதுதான் வழியா?

— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, மனப்பாடம் வேண்டாம். இந்தச் சொல்லை நீங்கள் எட்டு மாதமாக நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். காஸ்டிங் ஷீட்டில் விலைக்குப் பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள்? எஃப்.ஓ.பி. அதை விரித்தால் ‘ஃப்ரீ ஆன் போர்டு’, சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரைக்குமான விலை. கடைசியில் நிற்கும் அந்த போர்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கம்பெனிப் பத்திரங்களையும் கப்பல் சரக்கு ஆவணங்களையும் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்ப காலத்தில் ஒரு சுற்றுலா விளம்பரத் தாளைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்தார்கள். அதில் தங்கும் விடுதியின் கட்டணம் ‘ஃபுல் போர்டு’ இவ்வளவு, ‘ஹாஃப் போர்டு’ இவ்வளவு என்று இருந்தது. நானும் யோசித்து யோசித்து ‘முழுப் பலகை’, ‘அரைப் பலகை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டிலுக்கு மெத்தை கிடையாது போலிருக்கிறது, பலகையில்தான் படுக்க வேண்டும் என்று நானாக ஒரு கற்பனை வேறு. அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, “மூன்று வேளைச் சாப்பாட்டோடு தங்கினால் ஃபுல் போர்டு, காலையும் ராத்திரியும் மட்டும் சாப்பாடு என்றால் ஹாஃப் போர்டு, தெரியாதா?” என்று சிரித்தார். அன்று பட்ட வெட்கத்தில்தான் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடப் போனேன். ஆகவே நீங்கள் மேனேஜரிடம் வாங்கியதற்கு ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

பழைய ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்ற ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்றுக்குப் பொருள் பலகை. இன்னொன்றுக்குப் பொருள் ஓரம், விளிம்பு, குறிப்பாகக் கப்பலின் பக்கம். இரண்டும் ஒரே வேரா, தனித்தனியா என்பதில் சொல்லாராய்ச்சிக்காரர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு அது முக்கியமில்லை. கப்பலின் பக்கச் சுவரே பலகையால் அடித்ததுதான் என்பதால் இரண்டு சொல்லும் சீக்கிரமே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஓரம் என்ற பொருளில் இருந்த சொல்லின் ஜெர்மானிய உறவுச் சொல் ஒன்று பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து வேறு உருவத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதுதான் ‘பார்டர்’. புடவை பார்டருக்கும் உங்கள் எஃப்.ஓ.பி.யில் உள்ள போர்டுக்கும் தூரத்து உறவு இருக்கிறது.

பழைய ஆங்கிலக் கவிதைகளில் இதே சொல்லுக்குக் கேடயம் என்றும் பொருள் உண்டு, அன்றைய கேடயம் மரப்பலகையால் ஆனது என்பதால். நம்முடைய பழந்தமிழிலும் பலகைக்குக் கேடயம் என்ற பொருள் இருந்தது. யாரும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. மரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதானே.

சரி, கப்பலுக்கு வருவோம். நார்வேயில் 1904ஆம் ஆண்டு தோண்டியெடுத்த ஓசெபெர்க் கப்பல் என்று ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைக்கிங் கப்பல். இன்றைய கப்பல்போல அதற்குச் சுக்கான் பின்பக்கம் நடுவில் கிடையாது. வலப்பக்கத்தில், பின்புறமாக, அகலமான துடுப்பு ஒன்று பக்கச் சுவரோடு கட்டப்பட்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் கப்பலைத் திருப்புவார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு வலக்கைப் பழக்கம், அதனால் வலப்பக்கம். திருப்பும் துடுப்பு இருக்கிற பக்கம் என்பதால் அந்தப் பக்கத்துக்குப் பெயர் ‘ஸ்டீர் போர்டு’. அதுதான் தேய்ந்து ‘ஸ்டார்போர்டு’ ஆயிற்று. வானத்து ஸ்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலப்பக்கத்தில் துடுப்பு நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கமாகக் கரையில் அணைத்தால் துடுப்பு நசுங்கிப்போகும். ஆகவே இடப்பக்கமாகத்தான் அணைத்தார்கள், சரக்கையும் அந்த வழியாகவே ஏற்றினார்கள். அந்தப் பக்கத்துக்கு ‘லார்போர்டு’ என்று பெயர். காற்றிலும் அலையிலும் ஒருவன் ஸ்டார்போர்டு என்று கத்தினால் இன்னொருவன் காதில் லார்போர்டு என்று விழும். இது எவ்வளவு ஆபத்து! கடைசியில் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை ஒழித்துவிட்டு இடப்பக்கத்துக்கு ‘போர்ட்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ள உத்தரவிட்டது. அமெரிக்கக் கடற்படை 1846இல் அதையே செய்தது. இந்த போர்ட் துறைமுகம் என்ற சொல். தமிழில் எழுதினால் இரண்டும் அண்ணன் தம்பிபோலத் தெரிவதால் சொல்கிறேன். அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது கவனியுங்கள், இடப்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறுவீர்கள். கப்பல் பழக்கம்.

இப்போது ‘ஆன் போர்டு’ எங்கிருந்து வந்தது என்று தானாகவே புரிந்திருக்கும். கப்பலின் பக்கச் சுவருக்கு உள்ளே போய்விட்டால் ஆன் போர்டு, அதைத் தாண்டி வெளியே விழுந்தால் ஓவர்போர்டு. பக்கச் சுவரை ஒட்டி வந்து ஏறுவது ‘போர்டிங்’. கடற்சண்டையில் எதிரிக் கப்பலின் பக்கத்தில் மோதி நின்று குதித்து ஏறுவதற்கும் அதே சொல்தான். இன்று ஆம்னி பஸ்காரர் போர்டிங் பாயின்ட் எங்கே என்று கேட்பது அந்த வழியில் வந்த சொல். கப்பல் ரயிலாகி, பஸ்ஸாகி, விமானமாகி, கடைசியில் கம்பெனியும் ஒரு கப்பலாகிவிட்டது. உங்களுக்கு வந்த ‘வெல்கம் ஆன் போர்டு’ அந்தக் கப்பலில்தான் உங்களை ஏற்றிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஹெச்.ஆர். ‘ஆன்போர்டிங்’ நடத்துவதும் அதுவே. ஒரு யோசனைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்கவும் ‘இஸ் எவ்ரிஒன் ஆன் போர்டு’ என்பார்கள். எல்லோருக்கும் சம்மதமா என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘ஆன் போர்டு’ வேறு, ‘ஆன் தி போர்டு’ வேறு. நடுவில் ‘தி’ வந்துவிட்டால் நீங்கள் இயக்குநர் குழுவில் உறுப்பினர் ஆகிவிடுகிறீர்கள், அல்லது கரும்பலகையில் எழுதப்பட்டுவிடுகிறீர்கள். “ஐ ஆம் ஹேப்பி டு பி ஆன் தி போர்டு” என்று பையருக்குப் பதில் போட்டால், எட்டு மாதத்தில் பையன் டைரக்டர் ஆகிவிட்டானே என்று அவர்கள் ஆச்சரியப்படுவார்கள். உங்கள் முதலாளிக்கும் கொஞ்சம் திக்கென்று இருக்கும்.

கப்பலை விட்டு இறங்குவதற்கு முன் இன்னொன்று. ஏதாவது ஒரு திட்டம் கைவிடப்பட்டால், ஒரு ஒழுங்கு காற்றில் பறந்தால், ‘கோ பை தி போர்டு’ என்று சொல்வார்கள். புயலில் பாய்மரம் முறிந்து பக்கச் சுவரைத் தாண்டிக் கடலில் போய்விடும், திரும்ப வராது. பையர் மெயிலில் “குவாலிட்டி மஸ்ட் நாட் கோ பை தி போர்டு” என்று வந்தால், அவசரத்தில் தரத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று பொருள். நாம் மானம் கப்பலேறிவிட்டது என்போம். அவர்களுக்குக் கப்பலிலிருந்து விழுந்தால் போயிற்று, நமக்குக் கப்பலில் ஏறினாலே போயிற்று.

அடுத்தது சாப்பாடு. இங்கே பலகை மேசையாகிறது. இடைக்கால இங்கிலாந்தில் பெரிய வீட்டுக் கூடங்களில் சாப்பாட்டு மேசை என்று நிலையாக ஒன்று நிற்காது. இரண்டு முக்காலிக் கால்களை வைத்து, அதன்மேல் நீளப் பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதேதான். பலகை போட்டார்கள் என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். கொஞ்ச காலத்தில் பலகையே சாப்பாடு ஆகிவிட்டது. இது விசித்திரமாகத் தெரிந்தால், சமையல் காண்ட்ராக்டரிடம் போய் நின்று பாருங்கள். “எத்தனை இலைங்க?” என்றுதான் கேட்பார். முந்நூறு இலை என்றால் முந்நூறு பேருக்குச் சாப்பாடு. இலை எப்படி நமக்குச் சாப்பாடு ஆயிற்றோ, அப்படி அவர்களுக்குப் பலகை. ‘ரூம் அண்ட் போர்டு’ என்றால் தங்க இடமும் சாப்பாடும். காசு கொடுத்துச் சாப்பிட்டுத் தங்குகிறவர் ‘போர்டர்’. போர்டிங் ஸ்கூல் என்ற பெயரும் இப்படி வந்ததுதான், கரும்பலகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர்ப் பழைய ஓட்டல்களின் பெயர்ப்பலகையில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று பார்த்திருப்பீர்கள். அதில் போர்டிங் சாப்பாடு, லாட்ஜிங் தங்கல். நம் ஆட்களில் பாதிப் பேர் அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கபோர்டும் இந்த வகைதான். கோப்பைகளை வைக்கும் பலகை. முதலில் அதற்குக் கதவு கிடையாது.

சாப்பாட்டுக்கு மேசை போட்ட மாதிரியே ஆலோசனைக்கும் மேசை போட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து நிர்வாகம் பேசினார்கள். மேசைக்குப் பெயர் போர்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் கஷ்டமே இருக்கக் கூடாது. மதுரைச் சங்கப் பலகையின் கதை தெரியுமல்லவா? தகுதியுள்ள புலவர் வந்தால் மட்டும் ஒரு முழம் நீண்டு இடம் கொடுக்கும் பலகை. திருவிளையாடற் புராணத்தில் அதற்கென்றே ஒரு படலம் இருக்கிறது. சபைக்கு அடையாளம் பலகைதான் என்பது நம் கற்பனையிலும் இருந்திருக்கிறது. கம்பெனி போர்டுகளில் அந்த மாதிரித் தானாக நீளும் பலகை இருந்தால் நன்றாக இருக்கும், சிலருக்குச் சுருங்கவும் வேண்டும்.

இந்தப் பொருளில் போர்டு நம் ஊருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வந்தது. லண்டனில் கம்பெனியை மேற்பார்க்க 1784ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’ ஏற்பட்டது. சென்னையில் 1786இல் ‘போர்டு ஆஃப் ரெவின்யூ’. அப்புறம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, போர்டு ஹைஸ்கூல். உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் இதெல்லாம் சரளமாகச் சொல்வார்கள். 1957 ஜூலை 1ஆம் தேதி மின்சார வாரியம் வந்தது. 2010இல் அதைப் பிரித்துக் கம்பெனிகளாக மாற்றியாயிற்று. ஆனாலும் கரண்ட் போனால் நாம் ஈ.பி.க்குத்தான் போன் போடுகிறோம். போர்டு போன பிறகும் அதன் பெயர் போகவில்லை.

வாரியம் என்று தமிழில் சொல்கிறோமே, அது அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பு அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி. குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த கதை உங்கள் பள்ளிப் புத்தகத்திலேயே இருந்திருக்கும். அப்படித் தேர்ந்தெடுத்து எதில் போட்டார்கள்? சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். ஏரி வாரியத்தில் ஆறு பேர். அந்தச் சொல்லைத்தான் எடுத்து இன்றைய போர்டுக்கு வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளனாக எனக்குப் பிடித்த தேர்வுகளில் இது ஒன்று. ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. அரசு அமைப்பு என்றால் வாரியம். உங்கள் ஊரில் சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி. தனியார் கம்பெனி என்றால் இயக்குநர் குழு. “எங்கள் கம்பெனி வாரியம் முடிவெடுத்தது” என்று எழுதினால் கம்பெனி அரசுடைமை ஆகிவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

இனி ‘அபவ் போர்டு’. இதுவும் மேசைதான், ஆனால் சீட்டாட்ட மேசை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியிலேயே விளக்கம் இருக்கிறது. சூதாடிகளிடமிருந்து வந்த வழக்கு, மேசைக்கு அடியில் கையைக் கொண்டுபோனால் சீட்டை மாற்றுகிறார்கள் என்று பொருள் என்கிறார் அவர். ஆக, கை மேசைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் நேர்மை. ஒளிவு மறைவு இல்லாமல் என்று தமிழில் சொன்னால் கச்சிதமாக இருக்கும். இதற்கு நேர் எதிராக மேசைக்கு அடியில் கொடுப்பது ‘அண்டர் தி டேபிள்’, அதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பையர் ஆடிட் மெயிலில் இதை எழுதியிருக்கிறார் என்றால், ஓவர்டைம் ரிஜிஸ்டர் இரண்டு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நாகரிகமாகச் சொல்கிறார். மேசையில் வைத்த பந்தயப் பணம் முழுவதையும் ஒருவரே வாரிச் சுருட்டினால் ‘ஸ்வீப் தி போர்டு’. எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போனவரைப் பற்றி இப்படிச் சொல்வார்கள்.

‘அக்ராஸ் தி போர்டு’ மட்டும் மேசையும் இல்லை, கப்பலும் இல்லை. குதிரைப் பந்தயம். அமெரிக்காவில் ஒரு குதிரையின்மேல் மூன்று விதமாகப் பந்தயம் கட்டலாம். முதலில் வந்தால் ‘வின்’, முதல் இரண்டில் வந்தால் ‘பிளேஸ்’, முதல் மூன்றில் வந்தால் ‘ஷோ’. மைதானத்துப் பெரிய பலகையில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். மூன்றிலும் ஒரே தொகையைக் கட்டினால் அது அக்ராஸ் தி போர்டு, பலகையின் குறுக்கே எல்லாக் கட்டத்திலும் என்று. அங்கிருந்து, விதிவிலக்கு இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி என்ற பொருளுக்கு வந்துவிட்டது. நம்முடைய ‘சகட்டுமேனிக்கு’ கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது, கொஞ்சம் திட்டும் தொனி கூடுதல். ஆக, 3 சதவீதம் அக்ராஸ் தி போர்டு என்றால் டி-ஷர்ட், லெக்கிங்ஸ், குழந்தைகள் உடை என்று எல்லா ஸ்டைலுக்கும் 3 சதவீதம் குறைக்கக் கேட்கிறார். நீங்கள் பேரம் பேச வேண்டிய இடம் எண்ணில் இல்லை, அந்தச் சொல்லில் இருக்கிறது. “எல்லா ஸ்டைலுக்கும் முடியாது, அளவு அதிகமுள்ள இந்த இரண்டுக்கு மட்டும் பார்க்கிறோம்” என்று மேனேஜரைக் கேட்டுக்கொண்டு பதில் எழுதிப் பாருங்கள்.

‘பேக் டு தி டிராயிங் போர்டு’க்கு ஒரு கார்ட்டூன் காரணம். 1941 மார்ச் மாதம் ‘நியூ யார்க்கர்’ இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்தது. ஒரு விமானம் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. ஆட்கள் அதை நோக்கிப் பதறி ஓடுகிறார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்து வருகிறார், சரி, பழையபடி வரைபலகைக்கே போவோம் என்று சொல்லிக்கொண்டு. அந்த அலட்டிக்கொள்ளாத தொனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பையர் இதை எழுதினால் கோபமாக இருக்கிறார் என்று பயப்பட வேண்டாம். இது சரிவரவில்லை, முதலிலிருந்து பார்ப்போம் என்கிறார், அவ்வளவுதான். ஆர்டர் கேன்சல் ஆகவில்லை.

நம் ஊரில் போர்டு என்று சொல்வதெல்லாம் அவர்களுக்கு போர்டு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பையர் ஃபேக்டரியைப் பார்க்க வரும்போது நீங்கள்தான் கூட நடந்து போவீர்கள். கடை வாசலில் மாட்டியிருப்பதை நாம் நேம் போர்டு என்கிறோம், அவர்களுக்கு அது ‘சைன்’. சுவரில் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியை நாம் சுவிட்ச் போர்டு என்கிறோம், அவர்களுக்கு அந்தச் சொல் டெலிபோன் இணைப்புப் பலகை. எல் போர்டு அங்கே எல் பிளேட். டி போர்டு வண்டி என்றால் சுத்தமாகப் புரியாது, டாக்ஸி என்று சொல்லுங்கள். வெள்ளை போர்டு பஸ்ஸை விளக்க வேண்டி வந்தால் அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஃபுட்போர்டு மட்டும் உண்மையான ஆங்கிலச் சொல், குதிரை வண்டிக் காலத்திலிருந்து வருவது. ஃபுட்போர்டு அடிப்பது என்பது நம்முடைய சொந்தச் சரக்கு. குதிரை வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஆர்டர் நிலவரம் காட்டும் ‘டாஷ்போர்டு’ இருக்கிறதே, அது முதலில் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் முன்னால் அடித்த தடுப்புப் பலகை. சில நாட்களில் இன்றும் அதன் வேலை அதுதான்.

இப்படிச் சொல்லின் பூர்வீகம் தேடுவதில் ருசி வந்துவிட்டால் ஒரு ஆபத்தும் உண்டு. நல்ல கதைகள் எல்லாம் உண்மையாக இருப்பதில்லை. ‘போஷ்’ என்ற சொல்லுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது வெயில் படாத போர்ட் பக்கம், திரும்பிப் போகும்போது ஸ்டார்போர்டு பக்கம், பணக்காரர்கள் அப்படி அறை வாங்குவார்கள், அந்த நாலு முதலெழுத்துகள் சேர்ந்து போஷ் ஆயிற்று என்று. கேட்க அருமையாக இருக்கும். அப்படிப் பயணச்சீட்டில் எழுதியதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அகராதிக்காரர்கள் இதை ஏற்பதில்லை.

எழுத்துப்பிழை ஒன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை போர்டும் போர் அடித்துப்போன ‘போர்டு’ம் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்று, எழுத்து வேறு. “வி ஆர் ஆல் ஆன் போர்டு” என்று எழுத நினைத்து ஒரு பையன் மற்ற எழுத்துக்கூட்டலைப் போட்டு, எங்களுக்கு எல்லாம் அலுத்துப்போய்விட்டது என்று வாடிக்கையாளருக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பும் முன் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள்.

இப்போது உங்களுக்கு அடி விழுந்த அந்த மெயில். எஃப்.ஓ.பி. உள்ளிட்ட வணிக விதிகளைப் பாரிசில் உள்ள சர்வதேச வர்த்தகச் சங்கம் 1936இல் முதலில் தொகுத்து வெளியிட்டது. அதற்குப் பெயர் இன்கோடெர்ம்ஸ். எஃப்.ஓ.பி.யில் விற்கிறவரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதற்கு நெடுங்காலம் வைத்திருந்த எல்லைக்கோடு, கப்பல் ஓரத்துக் கைப்பிடிக் கம்பி. கிரேன் சரக்கைத் தூக்குகிறது, சரக்குப் பொதி அந்தரத்தில் ஆடுகிறது. கம்பியைத் தாண்டுவதற்கு முன்னால் அறுந்து விழுந்தால் நஷ்டம் விற்றவருக்கு, தாண்டிய பிறகு விழுந்தால் வாங்கியவருக்கு. அதாவது கப்பலின் பக்கம் என்ற பழைய ஆங்கிலப் பொருள் அப்படியே சட்டமாக நின்றது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்தக் கம்பியை எடுத்துவிட்டு, சரக்கு கப்பலில் ஏற்றி வைக்கப்பட்ட பிறகே பொறுப்பு மாறும் என்று திருத்தினார்கள்.

ஆகவே 20ஆம் தேதிக்குள் ஆன் போர்டு என்றால், 20ஆம் தேதிக்குள் சரக்கு கப்பலில் ஏறியிருக்க வேண்டும். நீங்கள் நினைத்த தேதிக்கு உங்கள் தொழிலிலேயே வேறு பெயர் இருக்கிறது, எக்ஸ்-ஃபேக்டரி தேதி. திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி போகும் நேரம், கஸ்டம்ஸ் வேலை, கப்பல்காரர் சரக்கு வாங்குவதை நிறுத்தும் கட்-ஆஃப் எல்லாவற்றையும் 20இலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி கிடைக்கும். எத்தனை நாள் பிடிக்கும் என்பதை சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்டான உங்கள் ஃபார்வர்டரிடம் கேட்டு எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றுவார்கள் என்றால், எந்தக் கப்பலில் ஏறிய தேதியைப் பையர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் முன்கூட்டியே மெயிலில் கேட்டுவிடுங்கள். சரக்கு ஏறியதும், கப்பல் கம்பெனி சரக்குக்குக் கொடுக்கும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் காப்பி வரும். அதில் ‘ஷிப்டு ஆன் போர்டு’ என்று போட்டு ஒரு தேதி இருக்கும். பையரும் வங்கியும் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். காப்பி கைக்கு வந்ததும் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.